செல்போனிலும் களையெடுங்கள்!

‘‘நான்கு வருடங்களுக்கு முன்பு வாங்கிய ஆண்ட்ராய்டு போன். 3 ஜி.பி ரேம், 32 ஜி.பி ஸ்டோரேஜ். இப்போது எதைத் தொட்டாலும் திறக்க நேரமாகிறது. உரக்கடையில் பணம் அனுப்ப நின்றால், ஓ.டி.பி வந்து அதைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று அடிக்கடி வருகிறது. மகன் புது போன் வாங்கச் சொல்கிறான். நடவுச் செலவு இருக்கும் நேரத்தில் பத்தாயிரம் ரூபாயை அதில் போட மனமில்லை. தேவையில்லாத செயலிகளை நீக்கினால் சரியாகுமா? எதை நீக்கலாம், எதைத் தொடக் கூடாது?’’

வாசகர், மன்னார்குடி.

பெரும்பாலும் சரியாகும். இந்த வாசகரின் போனுக்கு வயதாகிவிட்டது என்பதைவிட, உள்ளே இடமில்லாமல் போய்விட்டது என்பதுதான் பொருத்தம். புது போனுக்குப் பணம் எடுப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்கி, போனைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது.

களமும் குதிரும்

ரேம், ஸ்டோரேஜ் இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டோரேஜ் என்பது நெல் கொட்டி வைக்கும் குதிர். படம், வீடியோ, செயலி எல்லாம் அதில்தான் கிடக்கும். ரேம் என்பது களம். வேலை நடக்கும் இடம். ஒரு செயலியைத் திறந்தால், அது குதிரிலிருந்து களத்துக்கு வந்து வேலை செய்யும். களம் சிறியதாக இருந்து, நாலு பேருடைய கட்டும் அதில் கிடந்தால், ஐந்தாவது ஆள் காத்திருக்கத்தான் வேண்டும்.

சில செயலிகளை நாம் திறக்காவிட்டாலும் அவை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். அறிவிப்பு அனுப்பும், விளம்பரம் இறக்கும், இருக்கும் இடத்தைக் கவனிக்கும். இவை களத்தை அடைக்கின்றன, பேட்டரியையும் தின்கின்றன. மற்ற செயலிகள் சும்மா கிடந்தாலும் குதிரை அடைக்கின்றன. குதிர் கழுத்துவரை நிறைந்துவிட்டால், புதிதாக எதையும் எழுதவும் மாற்றி வைக்கவும் ஆண்ட்ராய்டுக்கு இடம் இருக்காது. அப்போது போன் மொத்தமும் தள்ளாடும். ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருப்பது நல்லது. 32 ஜி.பி போன் என்றால் சுமார் 6 ஜி.பி.

முதலில் எடுத்து வையுங்கள்

எதையும் நீக்குவதற்கு முன்பு, திரும்பக் கிடைக்காதவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களின் படம், பிள்ளைகளின் படம், பட்டா, சிட்டா, ஆதார், பாஸ்புக் ஆகியவற்றைப் படம் எடுத்து வைத்தவை, பயிரில் நோய் வந்தபோது எடுத்த படங்கள். மெமரி கார்டு இருந்தால் அதற்கு மாற்றலாம். பிள்ளைகளின் கம்ப்யூட்டரிலோ, பென்டிரைவிலோ போட்டு வைக்கலாம். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜி.பி வரை இலவச இடம் உண்டு. கூகுள் போட்டோஸில் ‘பேக்அப்’ கொடுத்தால் படங்கள் அங்கே போய்ச் சேரும். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பேக்அப் ஆன படத்தை கூகுள் போட்டோஸுக்குள் போய் ‘டெலிட்’ செய்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். போனிலிருந்து மட்டும் எடுக்க, அதிலேயே இருக்கும் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைப் பயன்படுத்த வேண்டும்.

செல்போன் எண்கள் கூகுள் கணக்கில் சேமிப்பாகியிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டு நோட்டில் எழுதி வைப்பது அவசியம்.

எவற்றை நீக்கலாம்?

பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தொடுங்கள். ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ என்று இருக்கும். அதற்குள் ‘மேனேஜ்’ என்பதைத் தொட்டால், போனில் இருக்கும் செயலிகளின் பட்டியல் வரும். அதை ‘சைஸ்’ வாரியாகவும், ‘லீஸ்ட் யூஸ்டு’, அதாவது குறைவாகப் பயன்படுத்தியவை என்ற வரிசையிலும் மாற்றிப் பார்க்கலாம். எது பெரியது, எதைத் தொட்டே பல மாதங்கள் ஆகின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் நீக்கத் தகுந்தவை இவைதான்.

* பிள்ளைகள் விடுமுறையில் இறக்கிய விளையாட்டுகள். ஒரே விளையாட்டு 1 ஜி.பி-க்கு மேல் பிடித்திருப்பதும் உண்டு.

* ஒரே வேலைக்கு இரண்டு மூன்று செயலிகள். பணம் அனுப்ப நான்கு, பாட்டுக் கேட்க மூன்று, செய்திக்கு ஐந்து என்று இருந்தால், கை பழகியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம்.

* டார்ச், கிளீனர், பேட்டரி சேவர், பூஸ்டர் போன்றவை. டார்ச் எல்லா போனிலும் இயல்பாகவே இருக்கிறது. அதற்குத் தனிச் செயலி தேவையில்லை.

* எப்போதோ ஒருமுறை பொருள் வாங்க இறக்கிய கடைச் செயலிகள்.

* எப்படி வந்தது என்றே தெரியாதவை.

எப்போதாவது தேவைப்படும் வேலைக்குச் செயலி வேண்டும் என்பதில்லை. மின் கட்டணம் கட்டுவது, பி.எம். கிசான் தவணை வந்ததா என்று பார்ப்பது, பட்டா பார்ப்பது போன்றவற்றை குரோம் மூலம் அரசு இணையதளத்திலேயே செய்யலாம்.

நீக்குவதற்கு அந்தச் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்தால் ‘அன்இன்ஸ்டால்’ வரும். தமிழில் வைத்திருக்கும் போனில் ‘நிறுவல் நீக்கு’ என்று இருக்கும். சில போன்களில் ‘ரிமூவ்’ என்றும் ஒன்று வரும். அது முகப்பிலிருந்து படத்தை மட்டும் எடுக்கும், செயலி உள்ளேயே இருக்கும். ‘நீக்கிப் பார்த்தேன், இடம் கூடவில்லை’ என்று பலர் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நீக்க முடியாதவை

வாங்கும்போதே கம்பெனி போட்டுக்கொடுத்த சில செயலிகளுக்கு அன்இன்ஸ்டால் வராது. ‘செட்டிங்ஸ்’ போய் ‘ஆப்ஸ்’ என்பதில் அந்தச் செயலியைத் தொட்டால் ‘டிஸேபிள்’, தமிழில் ‘முடக்கு’ என்று இருக்கும். முடக்கினால் அது ஓடாது, அறிவிப்பு அனுப்பாது. கொஞ்சம் இடமும் திரும்பக் கிடைக்கும். வேண்டும் என்றால் அதே இடத்தில் ‘எனேபிள்’ கொடுத்துத் திரும்பக் கொண்டு வரலாம். ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு மட்டும் முடக்கி, போன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது பாதுகாப்பானது.

தொடக் கூடாதவை

பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் முடக்கக் கூடாது. ‘கூகுள் பிளே சர்வீசஸ்’, ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’, கீபோர்டு, போன், மெசேஜஸ், காண்டாக்ட்ஸ் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். வெப்வியூ என்பது மற்ற செயலிகள் தங்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டப் பயன்படுத்தும் பகுதி. 2021 மார்ச் மாதம் இதற்கு வந்த ஓர் அப்டேட்டில் பிழை இருந்ததால், பல நாடுகளில் ஆண்ட்ராய்டு செயலிகள் திறந்தவுடனே மூடிக்கொண்டன. சும்மா கிடப்பதுபோல் தெரியும் ஒன்று, பலவற்றைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

வங்கிச் செயலி, பணம் அனுப்பும் செயலி ஆகியவற்றை நீக்குவதால் வங்கிக் கணக்குக்கு எதுவும் ஆகாது. ஆனால், திரும்ப இறக்கும்போது வங்கியில் பதிவு செய்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ் அனுப்ப ரீசார்ஜும் இருக்க வேண்டும். ‘பின்’ நினைவில் இருக்க வேண்டும். இவை மூன்றும் உறுதியாக இல்லையென்றால் கை வைக்காதீர்கள். உழவர் சந்தையில் காய் விற்பவர்கள், கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர் கோடு எந்தச் செயலியுடையது என்று பார்த்து, அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கினாலும் பணம் கணக்குக்கு வரும். ஆனால், வந்ததா என்று அந்த நிமிடம் தெரியாது.

உழவன் செயலி, வானிலைக்கான மேகதூத், இடி மின்னல் எச்சரிக்கைக்கான தாமினி போன்றவை ‘குறைவாகப் பயன்படுத்தியவை’ பட்டியலில் வரலாம். மழைக்காலத்தில் வயலில் நிற்பவருக்குத் தாமினி தேவை. பயன்பாட்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

நீக்கினாலும் முடியாத கணக்கு

மாதச் சந்தா கட்டும் செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. பணம் பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். பிளே ஸ்டோரில் ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்ற இடத்திலும், பணம் அனுப்பும் செயலியில் ‘ஆட்டோபே’ என்ற இடத்திலும் போய் முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு நீக்குங்கள். கடன் கொடுக்கும் செயலியும் அப்படித்தான். செயலி போனாலும் கடன் போகாது. பாக்கி இருந்தால் கணக்கை முடித்து, முடித்ததற்கான ஆதாரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

பாதி இடம் வாட்ஸ்ஆப்பில்

செயலிகளை நீக்கியும் இடம் போதவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பாக இருக்கும். காலை வணக்கப் படங்களும், குழுக்களில் சுற்றும் வீடியோக்களும் நமக்குத் தெரியாமலே போனில் இறங்கிச் சேர்கின்றன. அதற்காக வாட்ஸ்ஆப்பையே நீக்கிவிடக் கூடாது. பேக்அப் இல்லாமல் நீக்கினால் பழைய பேச்சுகள் போய்விடும். வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்று போங்கள். 5 எம்.பி-க்கு மேற்பட்டவை, பலமுறை பகிரப்பட்டவை என்று பிரித்துக் காட்டும். பார்த்துப் பார்த்து நீக்கலாம். அதே இடத்தில் ‘மீடியா ஆட்டோ டவுன்லோடு’ என்பதை நிறுத்திவிட்டால், இனிமேல் நாம் தொடும் படம் மட்டும்தான் இறங்கும். டேட்டாவும் மிச்சம்.

மற்ற செயலிகளில் ‘கிளியர் கேஷ்’ கொடுப்பதில் ஆபத்தில்லை. அது தற்காலிகக் குப்பையை மட்டும் நீக்கும். பக்கத்திலேயே இருக்கும் ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்பது வேறு. அதை அழுத்தினால் போனில் அந்தச் செயலி வைத்திருக்கும் விவரங்கள் எல்லாம் அழிந்து, புதிதாக உள்ளே நுழைய வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்வது நல்லது. இவ்வளவும் செய்த பிறகும் போன் புதிது வாங்கியதுபோல் பறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓ.டி.பி நேரத்துக்குள் பார்க்கவும், பணம் அனுப்பவும் தடையில்லாமல் இருக்கும். வங்கிச் செயலியே ‘இந்த ஆண்ட்ராய்டில் இனி வேலை செய்யாது’ என்று சொல்லும்போதோ, பேட்டரி உப்பிவிட்டாலோ, அப்போது புது போன் பற்றி யோசிக்கலாம். பேட்டரி உப்பிய போனை சார்ஜ் போடக் கூடாது.

‘‘வாட்ஸ்ஆப் குழுவில் ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் இன்ஸ்டால் கேட்டது. எஸ்.எம்.எஸ் பார்க்க அனுமதியும் கேட்டது. கொடுத்துவிட்டேன். இப்போது செயலியின் படத்தையே காணோம். போன் சூடாகிறது, மிகவும் மெதுவாக இருக்கிறது. நீக்குவது எப்படி?’’

வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

இது வேகம் பற்றிய பிரச்னை இல்லை. வங்கிக் கணக்குக்கு வந்த ஆபத்து. ஏ.பி.கே என்று முடியும் இப்படிப்பட்ட ஃபைல்கள், போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ்-களைப் படித்து, ஓ.டி.பி-யை மோசடிக்காரர்களுக்கு அனுப்புவதற்காகவே செய்யப்படுபவை. படத்தை மறைத்துக்கொள்வதும் அவற்றின் வழக்கம். செயலியை நீக்குவது இரண்டாவது வேலை. பணத்தைக் காப்பது முதல் வேலை.

முதலில் போனில் நெட்டை நிறுத்துங்கள். வைஃபையும் அணைந்திருக்க வேண்டும். சிம்மைக் கழற்றி, வீட்டில் இருக்கும் சாதாரண பட்டன் போனில் போடுங்கள். இனி ஓ.டி.பி எல்லாம் அங்கே வரும், திருட்டுச் செயலியின் கண்ணில் படாது. அந்த போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, ஏ.டி.எம் கார்டு, யு.பி.ஐ, நெட் பேங்கிங் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ்புக்கிலோ, கார்டின் பின்பக்கமோ அச்சடித்திருக்கும் எண்ணுக்குத்தான் பேச வேண்டும். கூகுளில் தேடி எடுத்த எண் வேண்டாம். அதுவும் மோசடிக்காரர்களுடையதாக இருக்கலாம்.

பணம் போயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் மோசடி நடந்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. அதனால், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னோம் என்பதையும், புகார் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செயலியை நீக்கும் வேலை. ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’ பட்டியலில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முகப்பில் படம் இல்லாவிட்டாலும் இங்கே பெயர் இருக்கும். உள்ளே போனால், எங்கிருந்து வந்தது என்ற விவரம் பெரும்பாலான போன்களில் கடைசியில் இருக்கும். பிளே ஸ்டோர் என்று இல்லாமல், இறக்கியது எப்போது என்பதும் பொருந்தினால் அதுதான் ஆள். அன்இன்ஸ்டால் கொடுங்கள். மறுத்தால், செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடும் இடத்தில் ‘டிவைஸ் அட்மின்’ என்று தேடி, அந்தச் செயலிக்குக் கொடுத்த அதிகாரத்தை எடுத்துவிடுங்கள். ‘அக்சஸிபிலிட்டி’ என்ற இடத்திலும் அதன் பெயர் இருந்தால் அணைத்துவிட்டு, பிறகு நீக்குங்கள்.

அப்போதும் போகவில்லை என்றால் ‘சேஃப் மோடு’ உதவும். பல போன்களில், பவர் பட்டனை அழுத்தியதும் வரும் ‘பவர் ஆஃப்’ என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு கேட்கும். அதில் நாம் இறக்கிய செயலிகள் எதுவும் ஓடாது. அந்த நேரத்தில் நீக்கிவிடலாம். நீக்கிய பிறகு, நெட்டைப் போட்டு, பிளே ஸ்டோரில் ‘பிளே புரொடெக்ட்’ என்பதில் ‘ஸ்கேன்’ கொடுங்கள். சந்தேகம் மீதியிருந்தால், படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்வதுதான் நிம்மதி. பழைய ஏ.பி.கே ஃபைலைத் திரும்ப எடுத்து வந்துவிடாதீர்கள். யு.பி.ஐ பின், வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு ஆகியவற்றை மாற்றுவது எல்லாம் சுத்தமான பிறகுதான். இதே போனில் முன்னதாக மாற்றினால் புதிய எண்ணும் திருடு போகலாம்.

சிம் இருக்கும் போனிலிருந்து ##002# என்று போட்டு அழைத்தால், உங்களுக்குத் தெரியாமல் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பியிருந்தால் அது ரத்தாகிவிடும். அந்த வாட்ஸ்ஆப் குழுவில், ‘அந்த ஃபைலைத் தொடாதீர்கள்’ என்று ஒரு வரி போடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், அதே குழுவில் இருக்கும் இன்னொருவரின் கணக்கு காலியாகும்.

பி.எம். கிசான் பணம் வருவதற்குச் செயலி தேவையில்லை. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இ-கே.ஒய்.சி-யைப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடிக்கலாம். அரசின் பி.எம். கிசான் செயலி வேண்டும் என்றால் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். அரசுத் திட்டம் பற்றிச் சந்தேகம் இருந்தால், கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம்.

‘‘போனை வேகமாக்க ‘கிளீனர்’ செயலி போடலாமா? ஒவ்வொரு முறையும் திறந்திருப்பதை எல்லாம் தள்ளி மூடினால் வேகம் கூடுமா?’’

வாசகர், ஒட்டன்சத்திரம்.

இரண்டும் தேவையில்லை. கிளீனர் செயலியும் களத்தில் இடம் பிடிக்கும் ஒரு செயலிதான். பல கிளீனர்கள் விளம்பரம் காட்டியே பிழைக்கின்றன. அவை செய்யும் வேலையை போனிலேயே செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியிலும், ‘ஃபைல்ஸ்’ செயலியிலும் செய்துகொள்ளலாம். திறந்திருப்பவற்றை அடிக்கடி தள்ளி மூடுவதால் லாபமில்லை. எந்தச் செயலியைக் களத்தில் வைக்கலாம், எதை அனுப்பலாம் என்பதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். மூடியதைத் திரும்பத் திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் நேரமும் பேட்டரியும்தான் வீண். ஏதாவது ஒரு செயலி சிக்கிக்கொண்டு நின்றால், அதை மட்டும் மூடினால் போதும்.

போனைத் தொடாதபோதே திரை முழுக்க விளம்பரம் வந்தால், உள்ளே ஏதோ ஒரு செயலி அந்த வேலையைச் செய்கிறது என்று பொருள். விளம்பரம் வந்திருக்கும் அந்த நேரத்திலேயே, திறந்திருக்கும் செயலிகளைக் காட்டும் பட்டனை அழுத்துங்கள். விளம்பரத்தின் மேல் எந்தச் செயலியின் படம் இருக்கிறதோ, அதை நீக்குங்கள்.